லாரி தனி, கார் தனி, குடும்பம் தனி

 ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். ஆபீஸில் ஆணி ஜாஸ்தி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பியில் பாதி கூடக் குடிக்கவில்லை, பெங்களூரிலிருந்து நண்பர் போன் போட்டார். மதுரையில் என்னோடு பி.காம். படித்தவர். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இப்போது குவாஹாட்டிக்கு மாற்றல். பிரமோஷனோடு வந்திருப்பதால் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். வீட்டில் மனைவி, ரெண்டு பிள்ளைகள், கூடவே வயசான மாமியார்.

"டேய், என் கசின் அமெரிக்காவிலே டல்லாஸ்லேர்ந்து சியாட்டிலுக்கு மாறினான். ஒரு டிரக்கை வாடகைக்கு எடுத்து அவனே ஓட்டிக்கிட்டு, பின்னாலே டிரெய்லர்லே காரை ஏத்திக் கட்டி இழுத்துக்கிட்டே போய்ட்டான். போட்டோ அனுப்பியிருக்கான், பாரு. நாம ஏன் அப்படிப் பண்ணக் கூடாது?"

போட்டோவைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அங்கே சாமான் வண்டியை வாடகைக்கு விடும் கம்பெனி, டிரெய்லர், அதை மாட்டுகிற கொக்கி, பின்னால் காரை வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்காமல் நுழைந்து வெளியேற இடமிருக்கிற பெட்ரோல் பங்க் என்று ஊரே அதற்காக அமைந்திருக்கிறது. நம் ஊரில் வீட்டுச் சாமானுக்கு லாரி என்றால் டிரைவரோடுதான் வரும். காரைக் கட்டி இழுப்பது என்றால் அது பிரேக்டவுன் ஆன கார் என்று அர்த்தம். நண்பருக்கும் இது தெரியாமல் இல்லை. அவர் கேட்க வந்தது வேறு. ரெண்டு நிமிஷத்தில் அதுவும் வெளியே வந்தது.

"சரி விடு. லாரியிலே சாமானை ஏத்திட்டு, நான் குடும்பத்தோட காரை ஓட்டிக்கிட்டுப் பின்னாலேயே போயிடட்டுமா? செலவு மிச்சம்."

வேண்டாம் என்றேன். "ஏன்டா, நீயே மதுரையிலேர்ந்து நாக்பூருக்கு அப்படித்தானே போனே?" என்றார். ஆமாம், போனேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். போனில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். மாற்றல் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2014 மே மாதம். மதுரையிலிருந்து நாக்பூருக்கு மாற்றல். எங்களிடம் 2010 மாடல் வேகன் ஆர் ஒன்று, டி.என். 59. காரை கேரியரில் அனுப்ப 18,000 ரூபாய் கேட்டார்கள். பேங்க்காரன் சும்மா இருப்பேனா? எக்ஸெல் திறந்தேன். 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், அதனால் 100 லிட்டர் பெட்ரோல். டோல், ஒரு ராத்திரி லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 11,000. ஆக 7,000 ரூபாய் லாபம். டிரெயின் டிக்கெட்டும் மிச்சம். தங்கமணியிடம் காட்டினேன். "ரெண்டு நாள் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுக் கார்லயா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரே ரோடுதான், திரும்பவே வேண்டாம்" என்றேன். அது உண்மைதான். மதுரையில் ஏறினால் நாக்பூர் வரைக்கும் ஒரே நெடுஞ்சாலை. 2010லேயே அதற்கு 44 என்று புது நம்பர் கொடுத்துவிட்டாலும் எங்களுக்கெல்லாம் அது என்.எச். 7 தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி லாரி கிளம்பியது. சனிக்கிழமை வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்து, மாமனார் வீட்டில் படுத்தோம். ஞாயிறு விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். அதற்கு முந்தைய நாலு ராத்திரியும் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்ததில், நாலு மணி நேரத்துக்கு மேல் நான் தூங்கவில்லை. எக்ஸெலில் இதற்கு ஒரு வரி இல்லை.

முதல் நாள் நல்லாவே போனது. கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூர், அனந்தபூர். ராத்திரி 10 மணிக்கு கர்னூல். கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். பெரிய சாதனை மாதிரி அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் ஹைதராபாதில் மதியமாகிவிட்டது. சின்னவன் ரெண்டு தரம் வாந்தி எடுத்தான். லாரி நமக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் சாமானை யார் இறக்கி வாங்குவது என்கிற கவலை வேறு. அதனால் எங்கேயும் நிறுத்தவில்லை. ஆதிலாபாத் தாண்டி, பென்கங்கா ஆற்றைத் தாண்டி மகாராஷ்டிராவில் நுழையும்போது நல்ல இருட்டு. பாண்டர்கவடா தாண்டி எங்கேயோ...

எங்கேயோ என்றுதான் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அந்த இடம் எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது தங்கமணி போட்ட "என்னங்க!" மட்டும்தான். கண்ணைத் திறந்தபோது கார் ரோட்டை விட்டு இடது பக்க மண்ணில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி, லைட் இல்லாமல் ஓரமாக நிற்கிறது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. பின் சீட்டில் பெரியவளும் சின்னவனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது தெரியாது. இப்போது பெரியவள் இதைப் படித்தால்தான் தெரியும்.

அடுத்து வந்த தாபாவில் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் டி.என். 28 போட்ட லாரி ஒன்று. நாமக்கல். தமிழ் நம்பரைப் பார்த்து டிரைவரே வந்து பேசினார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அண்ணே, எங்க வண்டியிலே ரெண்டு டிரைவர். ஒருத்தர் ஓட்டுனா ஒருத்தர் தூங்குவோம். அப்படியும் கண்ணு சொக்கும். நீங்க ஒரே ஆளு, அதுவும் வூட்டைக் காலி பண்ணிட்டு வர்றீங்க. இங்கயே படுங்க" என்றார். காரிலேயே படுத்தோம். காலை 3 மணிக்கு எழுந்து, விடிந்தபோது நாக்பூர்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எந்த லாரிக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஓட்டினேனோ, அந்த லாரி வியாழக்கிழமைதான் வந்தது. பெங்களூர் கோடவுனில் இறக்கி வேறு வண்டியில் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். பார்ட் லோடு என்றால் அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ரெண்டு ராத்திரி நியூஸ் பேப்பரை விரித்துத் தரையில் படுத்தோம்.

மிச்சம் 7,000 ரூபாய். நாலு உயிர். தலைக்கு 1,750 ரூபாய். இந்த வகுத்தலை அப்புறம் எத்தனை தரம் போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

கொசுவத்தி போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் கட்சி இதுதான்: மாநிலம் விட்டு மாநிலம் மாறும்போது லாரி, கார், குடும்பம் மூன்றும் மூன்று தனிப் பயணம். தனித்தனி லெட்ஜர். ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போடாதீர்கள். லாரிக்குப் பின்னால் காரை ஓட்டுவதும் முடிச்சுதான். சாமான் ஏற்றிய லாரியிலேயே காரையும் திணிப்பதும் முடிச்சுதான். ஒன்று தாமதமானால் எல்லாம் தாமதம், ஒன்றுக்கு அடி பட்டால் எல்லாவற்றுக்கும் அடி.

"அப்ப கார் எதுக்கு? ஓட்டத்தானே?" என்பீர்கள். ஓட்டுங்கள். 400, 500 கிலோமீட்டர், பகல் வெளிச்சம், ஓட்டத் தெரிந்த ரெண்டு பேர் என்றால் தாராளமாக ஓட்டுங்கள். லாங் டிரைவ் ஆசை இருந்தால் தீபாவளி லீவில் போங்கள். நான் சொல்வது ரிலீவ் ஆன நாளுக்கும் ஜாயின் பண்ணும் நாளுக்கும் நடுவில் ஓட்டுகிற ஓட்டத்தைப் பற்றி. வீடு மாறுகிறவன் அந்த வாரத்தில் ரோட்டில் இருக்கிற டிரைவர்களிலேயே மோசமான டிரைவர். தூக்கம் இல்லை, மனசு சரியில்லை, ஸ்கூல் டி.சி. வாங்கினோமா என்கிற யோசனை, புது மேனேஜர் எப்படி இருப்பாரோ என்கிற யோசனை. தூரம் இல்லை பிரச்சினை, ஓட்டுகிறவன் இருக்கிற நிலைமைதான் பிரச்சினை.

தொழிலாகவே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி அப்போது ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, வாரத்துக்கு 48 என்று இருந்தது. நான் முதல் நாள் ஸ்டியரிங்கில் இருந்தது 15 மணி நேரத்துக்கு மேல். நம் நாட்டில் 2022ல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் எத்தனை பேர் 7,000 ரூபாய் மிச்சம் பிடிக்கக் கிளம்பியவர்கள் என்று எந்தக் கணக்கிலும் வராது.

சரி, தனித்தனியாகப் பிரித்தால் எப்படிப் பிளான் பண்ணுவது? நான் முதலில் சொல்வது: லாரியை அப்புறம் பாருங்கள், காரை முதலில் முடிவு பண்ணுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். லாரிக்கு நாலு இடத்தில் கொட்டேஷன் வாங்குவோம், காரைக் கடைசி ராத்திரி யோசிப்போம். கடைசி ராத்திரி யோசித்தால் "நானே ஓட்டிடறேன்" என்கிற பதில்தான் வரும்.

காருக்கு ரெண்டே கேள்வி. கொண்டுபோவதா, விற்பதா?

கொண்டுபோனால் கேரியர் வாடகையோடு செலவு முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில நம்பர் வாங்கவேண்டும். அதற்குப் பழைய ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28ல் என்.ஓ.சி. கார் லோன் இருந்தால் கடன் கொடுத்த பேங்க்கின் என்.ஓ.சி.யும் வேண்டும். புது ஊரில் படிவம் 27, கூடவே அந்த மாநிலத்துச் சாலை வரி. பழைய மாநிலத்தில் 15 வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புது ஊரில் பதிவு பண்ணியதைக் காட்டினால்தான் கிடைக்கும். அதாவது முதலில் கையை விட்டுப் போகும், அப்புறம்தான் வரும். அந்த "அப்புறம்" எவ்வளவு நீளம் என்பது உங்கள் ஜாதகம். அதனால் என்.ஓ.சி.யை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். புது ஊருக்குப் போய்விட்டு, இதற்காக லீவு போட்டு மதுரைக்கு டிரெயின் ஏறியவன் சொல்கிறேன், கேளுங்கள்.

கார் பத்து வயசைத் தாண்டியிருந்தால் கேரியர், வரி, அலைச்சல் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை கார் விற்றால் கிடைக்கும் விலையில் கால் பங்கைத் தாண்டினால் விற்றுவிடலாம் என்பது என் சொந்தக் கணக்கு. விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயரைப் பூர்த்தி செய்தபின் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் போட்டுவிட்டு லாரி ஏறாதீர்கள். ஆர்.சி. பெயர் மாறும்வரை அந்தக் கார் எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்களைத் தேடித்தான் வரும்.

புதுசு வாங்குகிறவர்களுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த பி.எச். நம்பர். மத்திய மாநில அரசு, பொதுத்துறை ஊழியர்களும், நாலு மாநிலத்திலோ அதற்கு மேலோ ஆபீஸ் இருக்கிற தனியார் கம்பெனி ஊழியர்களும் வாங்கலாம். அது வந்தபோது வரியை ரெண்டு ரெண்டு வருஷமாகக் கட்டினால் போதும் என்றார்கள். மாநிலம் மாறினாலும் நம்பர் மாற்ற வேண்டாம். பழைய நம்பர் வண்டியையும் தகுதி இருந்தால் பி.எச்.சுக்கு மாற்றிக்கொள்ள 2022 டிசம்பரில் வழி செய்தார்கள். மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. 2014ல் இது இருந்திருந்தால் எனக்கு ஒரு ஃபைல் முடி கூடுதலாக இருந்திருக்கும். ஹி ஹி.

கொண்டுபோவது என்று முடிவானால், காருக்கென்றே இருக்கிற கேரியரில் அனுப்புங்கள். வீட்டுச் சாமானோடு ஒரே கன்டெய்னரில் நடுவில் பலகை அடித்து ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஒரு வாடகைதானே என்று நமக்கும் ஆசை வரும். பீரோ நகர்ந்தால் பலகை என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஏற்றுகிற இடத்தில் கிலோமீட்டர் ரீடிங்கையும் நாலு பக்கத்தையும் போட்டோ எடுத்து, இருக்கிற கீறலை எல்லாம் ரசீதில் எழுத வையுங்கள். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் போதும். டிக்கியில் சாமான் திணிக்காதீர்கள். ஒரிஜினல் ஆர்.சி.யும் ரெண்டாவது சாவியும் உங்கள் கையில் இருக்கட்டும். ஃபாஸ்டாக்கில் குறைந்த பணமே வையுங்கள். கேரியர் மேல் நிற்கிற காரின் ஸ்டிக்கரையும் சுங்கச்சாவடிக் கருவி படித்துவிட வாய்ப்பு உண்டு. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது "டோல் கட்டியதற்கு நன்றி" என்று எஸ்.எம்.எஸ். வரும்.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாது. உங்கள் காருக்கு முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், லாரியிலோ ரயிலிலோ ஏற்றிப் போகும்போது ஏற்படும் சேதமும் அந்தப் பாலிசியிலேயே அடங்கும். பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். ஆனால் கிளெய்ம் பண்ணினால் நோ கிளெய்ம் போனஸ் போகும்.

இப்போது லாரி.

பார்ட் லோடா, ஃபுல் லோடா என்று முதலில் கேளுங்கள். பார்ட் லோடு மலிவு. ஆனால் நடுவில் கோடவுனில் இறக்கி ஏற்றுவார்கள், நாளும் நிச்சயம் இல்லை. தனி வண்டி என்றால் 14 அடி, 17 அடி, 19 அடி என்று அடிக்கணக்கு. எங்கள் மாதிரி ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு 14 அடி போதுமாக இருந்தது, அதுவும் தங்கமணி பாதிச் சாமானைக் கழித்துக் கட்டியதால். பழைய வீட்டு உபயோகப் பொருளுக்கு ஜி.எஸ்.டி. ஈ-வே பில் தேவையில்லை. ஆனால் "உபயோகித்த வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல" என்று எழுதிய பட்டியலும் மாற்றல் ஆர்டர் நகலும் டிரைவர் கையில் இருப்பது நல்லது.

கார்டில் "ஐ.பி.ஏ. அப்ரூவ்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஐ.பி.ஏ. என்பது இந்திய வங்கிகள் சங்கம். லாரி ரசீதை வைத்து வியாபாரிகளுக்கு பேங்க் கடன் கொடுக்கிறதே, அந்த ரசீது நம்பத்தக்கதா என்பதற்காக வந்த பட்டியல் அது. உங்கள் டி.வி. உடையாது என்று உத்தரவாதம் தருகிற முத்திரை இல்லை. அதிலும் பெயர் உண்மையாகவே பட்டியலில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பார்க்கவேண்டும். பெயர் ஒரே மாதிரி இருக்கும், கம்பெனி வேறாக இருக்கும்.

அடுத்தது "இன்ஷூரன்ஸ் மூணு பர்சென்ட் சார்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பாலிசி காப்பி எங்கே, என் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாலிசி இல்லை என்றால் அது இன்ஷூரன்ஸ் இல்லை, வாடகையில் ஒரு பகுதி. அவ்வளவுதான்.

பில் விஷயம். "பில் இல்லாம போட்டா ரேட் கம்மி" என்பார்கள், அல்லது "பில்லைக் கூட்டிப் போட்டுத் தர்றேன், ஆபீஸ்ல வாங்கிக்குங்க" என்பார்கள். ரெண்டாவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அப்படி பில் வைத்து விஜிலென்ஸில் மாட்டியவர்கள் கதை எல்லா பேங்க்கிலும் உண்டு. முதல் வகையில் இருக்கிற ஆபத்துதான் நமக்கு உறைப்பதில்லை. 2007ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது: சாமானின் மதிப்பை நீங்கள் தனியாக எழுதி அறிவிக்காவிட்டால், சேதத்துக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு வரைதான். 40,000 ரூபாய் கொடுத்துவிட்டு ரசீதில் 10,000 என்று எழுத விட்டால், நாலு லட்சமாக இருக்கவேண்டிய பொறுப்பு ஒரு லட்சமாகச் சுருங்கிவிடும். ரசீதே இல்லை என்றால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? சேதத்துக்கு நோட்டீஸ் கொடுக்க புக் பண்ணிய நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. அதனால் எல்.ஆர். என்கிற அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, குடும்பம். டிரெயினோ ஃப்ளைட்டோ, லாரி கிளம்பி மூணு நாள் கழித்துக் கிளம்புங்கள். அதுவரை சொந்தக்காரர் வீட்டில் தூங்குங்கள். ஆமாம், தூங்குங்கள். கையில் ஒரு பெட்டி: நகை, சர்ட்டிபிகேட், டி.சி., மாத்திரை, ஒரு குக்கர், ரெண்டு தட்டு, போர்வை. சிலிண்டரை லாரியிலும் காரிலும் ஏற்றாமல் ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்து வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023ல் நாக்பூரிலிருந்து லக்னோவுக்கு மாற்றல் வந்தபோது இப்படித்தான் செய்தோம். வேகன் ஆருக்கு அப்போது 13 வயசு, எம்.எச். நம்பர் வாங்கியே எட்டு வருஷம். உத்தரப்பிரதேசத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு நம்பர் வாங்கி மிச்சம் ரெண்டு வருஷம் ஓட்டுவதில் அர்த்தம் இல்லை. விற்றோம். சின்னவன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. தங்கமணி டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். ஸ்கூட்டரை டேங்கைக் காலி பண்ணி, சாக்கு சுற்றி ரயில் பார்சலில் போட்டோம். சாமானுக்குத் தனியாக ஒரு 14 அடி வண்டி. நாங்கள் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில். சென்னை வழியாக வருகிற வண்டி, அதனால் எதிர் சீட்டில் தமிழ்க் குடும்பம். கட்டுச்சோறு பரிமாற்றம் எல்லாம் நடந்தது. மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தவன் ஜான்சி தாண்டித்தான் கண் விழித்தேன்.

கூடுதலாக எவ்வளவு செலவு என்று கேட்டால், அதற்கும் எக்ஸெல் இருக்கிறது. ஆனால் இந்தத் தரம் அதில் முதல் வரியாக "ஓட்டுகிறவர் கடைசி மூணு நாள் எவ்வளவு நேரம் தூங்கினார்" என்று ஒன்று சேர்த்திருக்கிறேன். அந்த வரிக்கு நேரே நல்ல நம்பர் வராவிட்டால் கீழே இருக்கிற கூட்டல் எதுவும் செல்லாது.

பெங்களூர் நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நேற்று மெசேஜ்: "நீ சொல்றது சரிதான். ஆனா 40,000 ரூபா வித்தியாசம் வருதேடா." வரும்தான். 40,000 பெரிய பணம்தான். மாசச் சம்பளக்காரனுக்கு அது எனக்கும் தெரியும். ஆனால் நண்பா, அந்த வித்தியாசத்தை உன் வீட்டம்மாவிடம் காட்டாதே. பாண்டர்கவடாவில் நடந்ததைச் சொல்லிவிட்டு, அப்புறம் அவர்களிடம் காட்டு. முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

டிஸ்கி 1: ஆர்.டி.ஓ. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிளம்பும் முன் உங்கள் ஊரில் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்கி 2: இதைத் தங்கமணி படித்துவிட்டாள். "தலைக்கு 1,750ன்னு போட்டிருக்கீங்களே, எனக்காவது கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்" என்றாள். அவ்வ்வ்வ்.